ராசையா அண்ணாச்சி எழுதிவைத்த முகங்கள்

டோரதி அம்மா சீரகப் பொட்டலத்தைப் பிரித்தபோது அதற்குள் சிலுவையம்மாள் இருந்தார்.

சீரகமும் இருந்தது, நூறு கிராம், எடை குறையாமல். அதைச் சுற்றியிருந்த தாள்தான் விஷயம். கோடு போட்ட நீள நோட்டிலிருந்து கிழித்த தாள். நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

“சிலுவையம்மாள். உளுத்தம்பருப்பு. கடையில் கூட்டம் இருந்தால் ஒரு கிலோ. தனியாக வந்தால் கால் கிலோ. பதினோரு முறை பார்த்தேன். பத்து முறை இப்படியே. ஒரு முறை தனியாக வந்து ஒரு கிலோ வாங்கினார். அன்று தெருவில் யாராவது நின்றிருப்பார்கள், நான் கவனித்திருக்க மாட்டேன்.”

டோரதி அம்மா ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் தாளையும் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். இதை மூன்று தடவை படித்தார். பிறகு சீரகத்தைத் தட்டில் கொட்டிவிட்டு, தாளோடு மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். ராயபுரத்தில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் அவரும் மேல்பகுதியில் நானும் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறோம்.

“சார், இது நம்ம அண்ணாச்சி கையெழுத்துதானே?”

அவருடையதுதான். கல்மண்டபத்துப் பக்கம் தேவகிருபை ஸ்டோர்ஸ் என்ற மளிகைக் கடையில் பில் வாங்கிய எவருக்கும் அந்தச் சாய்வு தெரியும்.

“பதினோரு தபா பாத்தேன்னு எழுதிகீறாரு சார். ஒரு மனுஷனுக்கு இதுவா வேலை?”

அவர் அதிர்ந்தது ராசையா அண்ணாச்சி எழுதியதைக் கண்டு. நான் அதிர்ந்தது வேறொன்றுக்கு. பதினொன்றில் பத்து என்று எண்ணியது, ஒத்துவராத ஒன்றை மறைக்காமல் எழுதியது, உடனே அதற்கு ஒரு சாக்கும் கண்டுபிடித்தது. நான் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். ஆராய்ச்சி மாணவர்கள் இந்த மூன்றையும் கற்றுக்கொள்ள ஐந்து வருடம் ஆகும். சாக்கை மட்டும் முதல் வருடமே கற்றுவிடுவார்கள்.

“இத்த யாராண்டயும் காட்டாதீங்க சார்,” என்று சொல்லி டோரதி அம்மா தாளைத் தன் பைபிளுக்குள் வைத்தார். காட்டத் தேவையே இருக்கவில்லை. சென்ற ஆண்டு ஜூலை கடைசி வாரம் அது. அடுத்த இரண்டு நாளில் தெருவில் பிரிந்த பொட்டலங்களிலிருந்து தெருவே வெளியே வந்தது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அமீர் வாங்கிய மிளகில் பிராங்கிளின் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பிராங்கிளினை எல்லாருக்கும் தெரியும் என்பதால், அமீர் ஸ்டாண்டில் வைத்து உரக்கப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டானாம். தாளை நானும் பார்த்தேன்.

“பிராங்கிளின். மனைவி காலமாகி ஏழு மாதம். அந்த அம்மா வாங்கின சந்தன சோப்பையே இன்னும் வாங்குகிறார். அவருக்குச் சந்தனம் பிடிக்காது என்று முன்பு சொல்லியிருக்கிறார். கம்பெனி அந்த சோப்பை நிறுத்தப் போகிறது. இரண்டு பெட்டி தனியாக எடுத்து வைத்தேன்.” அதன் கீழே, அதே பேனாவில்: “ஒரு ரூபாய் ஏற்றினேன். பார்க்கவில்லை.”

இரக்கமும் ஒரு ரூபாயும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்த வரியில் இருந்தன. எதை முதலில் நம்புவது என்று தெரியாமல் அந்தத் தாளை நான் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிராங்கிளின் வாங்கிய கடுகில் டோரதி அம்மா இருந்தார். “துவரம்பருப்பு கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏற்றினேன். பார்க்கவில்லை. பொட்டுக்கடலை ஒரு ரூபாய் ஏற்றினேன். சண்டை. பெரிய விலைக்குள் மூன்று ரூபாய் ஒளிந்துகொள்கிறது. சின்ன விலைக்குள் ஒரு ரூபாய்க்கு ஒளிய இடமில்லை.”

என்னுடைய பக்கம் சிலுவையம்மாள் வீட்டுக்குப் போயிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பில்லைச் சரிபார்ப்பதுபோல் உதட்டை அசைப்பார், கூட்டுவதில்லை என்று எழுதியிருந்தது. உண்மைதான்.

சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் எடுத்துக் கல்மண்டபம் மார்க்கெட்டில் விற்பவர். குரல் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அவர் சந்தில் இருபத்தாறு வீடு. அவர் எந்தக் கடைக்குப் போகிறாரோ அந்தக் கடைக்குத்தான் இருபத்தாறு வீடும் போகும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்பதால் என் பக்கத்தைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை என்னிடம் காட்ட வந்தார். வந்த இடத்தில் டோரதி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னாமே, மூஞ்சி ஒரு மாரியாகீது? என் பக்கம் உன்னாண்ட வந்துகீதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சிலுவ.”

“உனுக்குப் பொய் வராது. எடு.”

பைபிளிலிருந்து தாள் வந்தது. “நீயே படி,” என்றார். டோரதி அம்மா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது குரலே இல்லை. சிலுவையம்மாள் சிறிது நேரம் பேசாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பிறகு, “கால் கிலோன்னு எழுதிகீறானா,” என்று மட்டும் கேட்டார். அவர் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ராசையா அண்ணாச்சி ஏரலுக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1975இல் பதினேழு வயதில் ரயில் ஏறி வந்து, வண்ணாரப்பேட்டையில் உறவினர் கடையில் பதினோரு வருடம் மூட்டை பிரித்து, 1986இல் சொந்தக் கடை போட்டார். கல்லாவுக்கு மேலே சர்ச் காலண்டர், கல்லாவுக்குக் கீழே பேனாவும் நோட்டும். குறைவாகப் பேசுவார். ‘வாங்க’ என்பார், ‘வேற’ என்பார், அதற்கு மேல் பேச மாட்டார். எல்லாரும் அவரைச் சுபாவமாகவே பேசாதவர் என்று நினைத்தோம். அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்டுபிடித்தது ஒன்றும் புதிதில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது அதிர்ச்சி. 1738இல் ஒரு கணிதக்காரர், பந்தயத்தைப் பற்றிய ஒரு புதிரைத் தீர்க்க உட்கார்ந்து, ஒரு காசு கூடக் கிடைத்தால் வரும் சந்தோஷம் கையில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எழுதினார். நூறு வருடம் கழித்து ஜெர்மனியில் ஒருவர் ஆட்களின் கையில் எடைகளை வைத்துப் பார்த்தார். லேசான எடையில் கொஞ்சம் கூட்டினாலே கை உணர்ந்தது. கனமான எடையில் அதே கொஞ்சத்தைக் கூட்டினால் கை கண்டுகொள்ளவில்லை. அவருக்குப் பின் வந்த இன்னொருவர் இதை ஒரு விதியாக்கி, மனத்தை அளந்துவிடலாம் என்று அறிவித்தார். உளவியல் ஓர் அறிவியலாக எழுந்து நின்றதில் அந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு. இதே கணக்கைப் பணத்தில் ஏற்கெனவே ஒருவர் போட்டிருக்கிறார் என்று அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். டோரதி அம்மாவின் துவரம்பருப்பும் பொட்டுக்கடலையும் அந்த விதிதான். இந்த ஜெர்மனிக்காரர்களுக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் ஒரு பேராசிரியர், சந்தையைப் பற்றி எழுதப்போவதற்கு முன்பு, மனிதன் தன்னைப் பிறர் கண்ணால்தான் பார்த்துக்கொள்கிறான் என்று ஒரு தடித்த புத்தகம் முழுக்க எழுதினார். சிலுவையம்மாளின் ஒரு கிலோ உளுந்து அது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இன்பத்தை அளக்க ஒரு கருவி கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த பொருளாதாரக்காரர்கள், கருவி கிடைக்கவில்லை என்றதும், மனம் எங்கள் துறையே இல்லை என்று கைகழுவினார்கள். நாங்கள் விலையைப் பார்ப்போம், ஆளைப் பார்க்க மாட்டோம் என்றார்கள். பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஐம்பது அறுபது வருடம் கழித்துத் திரும்ப அழைத்துவந்து, புதிதாகப் பிறந்ததுபோல் பரிசும் வாங்கிக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளையை யார் வளர்த்தது என்று நான் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. கல்மண்டபத்தில் ஒருவர் கல்லாவுக்குக் கீழே வளர்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டு எப்படிப் பொட்டலமானது என்றால், பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து கடையில் சில்லறைச் சாமான் எல்லாம் தாளில்தான். பழைய பேப்பருக்கோ பஞ்சம், எல்லாரும் போனில் படிக்கிறார்கள். அண்ணாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, மிளகாய்த் தூசி ஆகாது, பத்து நாள் கடைக்கு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்லாவில் உட்கார்ந்த மனைவி தங்கபுஷ்பம், பரணில் அடுக்கியிருந்த முப்பத்தொரு நீள நோட்டைப் பார்த்தார். பழைய கணக்கு, நல்ல கெட்டித் தாள். எங்கள் ஊர்க் கடைக்காரர்களில் பழைய கணக்கு நோட்டைப் பொட்டலத்துக்குக் கிழிக்காதவர் யாருமில்லை. அவரும் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை சிலுவையம்மாள் கடைக்கு வந்தார். முந்தின நாள் போன குரல் வட்டியோடு திரும்பியிருந்தது. பின்னாலேயே டோரதி அம்மா, பிராங்கிளின், அமீர், கடைசியில் நான். மாடியிலிருந்து சத்தம் கேட்டு அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியோடு கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கி வந்தார்.

“உனுக்கு எதுக்கு அண்ணாச்சி கண்ணு ஆபரேசன்?” என்றார் சிலுவையம்மாள். “உனுக்குத்தான் அவனவன் வயித்துக்குள்ள கீறது வரைக்கும் தெரியுதே.”

“என்ன விசயம்க்கா?”

சிலுவையம்மாள் டோரதி அம்மாவிடமிருந்து தன் தாளை வாங்கி அவர் கையில் வைத்தார். அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி, ஆபரேஷன் ஆன கண்ணருகே தாளைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏ தங்கம். இது எப்படி வெளிய வந்துச்சு?”

“பழைய கணக்குன்னுல்லா நெனச்சேன். பேப்பர் விக்கிற வெலைக்கு, பரண்ல சும்மாக் கெடக்குன்னு…”

“கணக்கா? எத்தன நோட்டக் கிழிச்ச?”

“பத்தொம்பது.”

அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அந்த முகத்தில் வெட்கம் இல்லை. தீப்பிடித்த வீட்டுக்கு வெளியே நிற்பவரின் முகம் அது. முப்பத்தேழு வருட வேலையில் பத்தொன்பது நோட்டு கடுகாகவும் மிளகாகவும் போயிருந்தது.

“யாரையும் பத்தித் தப்பா எழுதலம்மா,” என்றார். “ஆளப் பத்தியே எழுதல. பருப்பப் பத்தித்தான் எழுதுனேன். எந்த வெலையில பருப்பு நகரும், எந்த வெலையில நின்னுரும்னு.”

நான் வகுப்பில் முப்பது வருடம் சொன்ன அதே வாசகம். அதை வேறொருவர் வாயில் கேட்கும்வரை அது இவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“பருப்புக்குச் சிலுவையம்மான்னு பேர் வச்சிகீறியா நைனா?”

அண்ணாச்சி தாளில் இருந்த பேரை மறுபடி பார்த்தார்.

“தோ பாரு. ஒரு ரூபா ரெண்டு ரூபா ஏத்தின, அத்த வுடு. நானும் யாவாரம் பண்றவதான். நேத்து மீனு மேல ஐஸ் தண்ணிய அடிச்சி இன்னிக்கி மீனுன்னு சொல்லிகீறேன். ஆனா ஒரு பொம்பள வந்து எதுக்கு சின்ன மீனா பொறுக்குறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் தெரியாத மாரிதான் நிப்பேன். எழுதி வைக்க மாட்டேன்.”

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு இப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். திடீரென்று, “ஏ தங்கம், மிச்ச நோட்ட எல்லாம் கொண்டா,” என்றார். “சார் படிக்கட்டும். ஒளிக்கதுக்கு ஒண்ணும் இல்ல. கடைசி நோட்டு, கடைசிப் பக்கம் பாருங்க சார், ஒரு ஆளு பேரு கெடையாது.”

எடுத்துப் படித்தேன். “மூன்று வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கூட்டம் கூடுகிறது. முன்பெல்லாம் காலையில்தான். அதுவும் வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு வாங்குகிறவர்கள் அதிகம். காரணம் புழுக்கமா? டிவி நாடகத்தின் நேரம் மாறியதா? எத்தனை முறை யோசித்தும் பிடிபடவில்லை.”

அமீருக்குச் சிரிப்பு வந்து அதை இருமலாக மாற்றினான். டோரதி அம்மா காலண்டரைப் பார்த்தார். பிராங்கிளின் தன் செருப்பைப் பார்த்தார்.

“என்ன?” என்றார் அண்ணாச்சி.

பிராங்கிளின்தான் சொன்னார். “உங்க தராசுல செவப்பு நம்பர் எரியுது பாருங்க அண்ணாச்சி. வெளிச்சம் கொறஞ்சா எட்டு எல்லாம் உங்க கண்ணுக்கு மூணாத் தெரியும். ஒரு கிலோ எண்பதுன்னு வந்தா ஒரு கிலோ முப்பதுன்னு படிப்பீங்க.”

“அம்பது கிராம் லாபம்,” என்றான் அமீர். “எண்பதுல நிக்கிற மாரி வெங்காயத்த நாங்களே பொறுக்கி வைப்போம். அதுக்கு ஒரு கை வோணும். எங்க வூட்ல சூப்பரா பண்ணும்.”

“டோரதியம்மா, நீங்களுமா?”

டோரதி அம்மா காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “பூண்டுல மட்டும்,” என்றார்.

அதிர்ச்சி என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் ஒன்றுமில்லை. முப்பத்தேழு வருடம் தெருவின் முகத்தைப் படித்தவரின் முகத்தை அன்று தெரு நின்று படித்தது. மூன்று வருடமாக அவர் ‘பார்க்கவில்லை’ என்று எழுதியவற்றில் எத்தனை உண்மையிலேயே பார்க்காதவை, எத்தனை அவர் கண்ணுக்குத் தெரியாதவை என்று அவர் எண்ணிப்பார்ப்பது தெரிந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

“மொதல்ல யாரு கண்டுபிடிச்சது?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். எல்லாரும் சிலுவையம்மாளைப் பார்த்தோம்.

“மீனு கண்ணப் பாத்து எத்தினி நாள் ஆச்சின்னு சொல்றவ நானு,” என்றார் அவர். “உன் கண்ணுல பால் வுழுந்தது எனுக்குத் தெரியாதா?”

“ஏன்ட்டச் சொல்லியிருக்கலாம்லாக்கா.”

“நீ என்னாண்ட சொன்னியா?”

அப்போது தங்கபுஷ்பம் கல்லாவிலிருந்து, யாரையும் பார்க்காமல், “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு ஏன்ட்டச் சொன்னதே அக்காதான்,” என்றார். “போன மாசம். கண்ணு போயிரும் சீக்கிரம் போன்னு சத்தம் போட்டாவ.”

மூன்று வருடம் வெங்காயத்தை எண்பதில் நிறுத்தியவரும் அவர்தான். இரண்டு பெட்டி சோப்பும் ஒரு ரூபாயும் ஞாபகம் வந்தது. என்னிடம் இதற்கு விதி எதுவும் இல்லை.

சிலுவையம்மாள் அதையெல்லாம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மிச்சப் பன்னிரண்டு நோட்டையும் காட்டினார். “இத்த இன்னா பண்ணப் போற?”

அண்ணாச்சி வெகுநேரம் அவற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பின்கட்டில் இருந்த தண்ணீர் டிரம்முக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். அதை எதிர்த்துச் சத்தம் போட்டவன் நான் ஒருவன்தான். “சாருக்கு வோணும்னா சார் பக்கம் என்னாண்ட பத்திரமா கீது, தரேன்,” என்றார் சிலுவையம்மாள். டிரம்மில் தண்ணீர் நீலமானது.

வாசலில் இறங்கும்போது அண்ணாச்சி கேட்டார்: “அக்கா, ஒண்ணாந்தேதி வருவியளா?”

“ஒண்ணாந்தேதி வரட்டும், பாக்கலாம்.”

ஒன்றாம் தேதி என்றால் மாதச் சாமான் லிஸ்ட் வரும் நாள். தேவகிருபை ஸ்டோர்ஸுக்கு லிஸ்ட் கொடுக்கும் வீடு எழுபத்திரண்டு. அதில்தான் கடை நிற்கிறது, மற்றதெல்லாம் தீப்பெட்டி வியாபாரம். எழுபத்திரண்டில் இருபத்தாறு சிலுவையம்மாளின் சந்து. பத்து நிமிடத்தில் வாசலில் சாமான் கொண்டுவரும் கம்பெனிகள் ஏற்கெனவே தெருவில் பாதியை எடுத்துவிட்டன. இந்த இருபத்தாறும் போனால் கடையை மூட வேண்டும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கே, டாக்டர் சொன்னதை மீறி அவர் கல்லாவில் இருந்தார். பத்து மணி வரை ஒரு லிஸ்டும் இல்லை. நான் காப்பித்தூள் வாங்கும் சாக்கில் அங்கேயே நின்றேன். தங்கபுஷ்பம் புளி உருண்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: “அந்த நோட்டுல என் பேர்ல பக்கம் உண்டா?”

“நீ என்ன கடைக்குச் சாமான் வாங்கவா வார?”

“அப்போ என்னப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க.”

அண்ணாச்சியின் கை பேனாவைத் தேடியது. பேனா அங்கே இல்லை. தங்கபுஷ்பம் எடுத்து வைத்திருந்தார்.

பத்தரைக்கு டோரதி அம்மா வந்தார். லிஸ்டை நீட்டுவதற்கு முன்பு துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டார். சொன்னதும், பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் குறைச்சல் என்றார். பொட்டுக்கடலை விலையைச் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் பக்கத்தில் எழுதியிருந்ததற்கு நேர்மாறு. பிராங்கிளின் எலுமிச்சை சோப்பு வாங்கினார். வாங்கி, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, பைக்குள் போட்டுக்கொண்டார். சந்தன சோப்பு இன்னும் ஒன்பது இருக்கிறது என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். “இருக்கட்டும், எடுத்து வைங்க,” என்றார் பிராங்கிளின். அமீருக்குக் கொசுறாக ஒரு கை கடலை நீட்டினால் இத்தனை வருடம் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். அன்று, “எடையில போடு அண்ணாச்சி,” என்றான்.

மத்தியானத்துக்குள் நாற்பது லிஸ்ட் வந்துவிட்டது. அண்ணாச்சி வெளிறிப்போயிருந்தார்.

“ஒருத்தர்கூட எழுதுனபடி இல்ல சார்,” என்றார் என்னிடம். “அதே ஆளு, அதே பருப்பு. ஒண்ணும் பிடிபடல. நாளைக்கு யாருக்கு என்ன வெல சொல்லணும்னே தெரியலையே.”

எழுதப்பட்டது தெரிந்துவிட்டால் ஆள் அந்தப் பக்கத்தில் தங்குவதில்லை. இதையும் படித்தவர்கள் தனியாகக் கண்டுபிடித்து, தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரிடம் நான் சொல்லவில்லை. டிரம்மில் கரைந்த நோட்டு எப்படியும் பயன்பட்டிருக்காது என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடும்.

சிலுவையம்மாளின் சந்திலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி. அண்ணாச்சி ஐந்தரைக்குச் சாப்பிடாத சாப்பாட்டை மூடி வைத்தார்.

ஆறு மணிக்கு, வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான குரல் வந்தது. அதன் பின்னால் ஆள் வந்தார், அவர் பின்னால் சந்து முழுவதும் வந்தது. பெண்கள் படியை நிறைத்துத் தெருவரைக்கும் நின்றார்கள். அத்தனை பேருக்கும் இன்றைக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியும் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

சிலுவையம்மாள் வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டில் போட்டார். பழகின கை. நம்பர் ஏறி நின்றது.

“ஒரு கிலோ எண்பது,” என்றார் அண்ணாச்சி.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. மூன்று வருட வசதி முடிந்துபோனது. சிலுவையம்மாள் ஒரு வெங்காயத்தை எடுத்து வெளியே போட்டார். அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றையும் எடுத்தார். பிறகு, மார்க்கெட்டில் கூவும் அதே குரலில், கடைசிப் படியில் நின்றவளுக்கும் கேட்கும்படி கேட்டார்:

“உளுத்தம்பருப்பு. கால் கிலோ.”

அண்ணாச்சி எழுந்து நின்று தானே அளந்தார். தட்டில் கொட்டி, கடைசிப் பருப்பு விழும்வரை காத்திருந்தார்.

“கூட்டமாகீது. கால் கிலோதான் கேட்டேன். எழுதிக்க.”

“நோட்டு இல்லக்கா.”

“இருந்தா எழுதிருப்ப.”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. புதிதாக வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தாளில் பருப்பை மடித்து, நூல் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். சிலுவையம்மாள் வாங்கி, பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கமும் பார்த்தார். ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து உள்பக்கமும் பார்த்தார். எங்கும் மை இல்லை. இடுப்பில் செருகியிருந்த லிஸ்டை எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அதன் பிறகு சந்து ஒவ்வொருவராக வந்தது. மஞ்சள்தூள், மிளகு, சோம்பு. ஒவ்வொருத்தியும் பொட்டலத்தை வாங்கியதும் முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டாள். ஒருத்தி மட்டும் பார்க்காமல் போட்டுக்கொண்டு போனாள்.

அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி, சரியாகிவிட்ட கண்ணால் அவளைத் தெருமுனை வரை பார்த்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் செய்கிறார் என்று தங்கபுஷ்பம் நினைத்தார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

“இருபத்தாறுல இருபத்தஞ்சு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.